முத்துக்குளித்துறையில் பன்னிரண்டு படிகள்

2021 ஏப்ரலில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் வந்திறங்கிய ஒரு கண்டெய்னரில், மரத்தடிகளுக்கு நடுவே 300 கிலோவுக்கு மேல் கொகெயின் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 நவம்பரில், தூத்துக்குடிக்குத் தெற்கே ‘ஷெனாயா துவா’ என்ற இலங்கைப் படகைக் கடலோரக் காவல்படை மடக்கியது. ஏறத்தாழ 100 கிலோ ஹெராயினும், செயற்கைப் போதைப்பொருள் அடைத்த சிறு பெட்டிகளும், கைத்துப்பாக்கிகளும் அதில் அகப்பட்டன. 2024 மார்ச்சில் மன்னார் வளைகுடாவில் 99 கிலோ ஹஷீஷ். நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த வரிசை பழகிப்போன ஒன்று. எத்தனை கிலோ, சர்வதேசச் சந்தையில் எத்தனை கோடி, எத்தனை பேர் கைது என்று மூன்று எண்களைச் சொல்லிவிட்டுச் செய்தி முடிந்துவிடும்.

அந்தச் சரக்கு யார் உடம்புக்குள் போகிறதோ, அவர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதை விட்டுவிட்டு ஒரு நாளைக் கடந்தவர், ஒரு மாதத்தைக் கடந்தவர், பத்து வருடத்தைக் கடந்தவர் யாரும் செய்தி ஆவதில்லை. பிடிபட்டதைப் பற்றி இவ்வளவு பேசும் கரை, விடுபட்டவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். விடுபட்டு வாழ்வதற்கு உலகம் முழுதும் லட்சக்கணக்கானோர் பின்பற்றும் வழிகளில் ஒன்று, பன்னிரண்டு படிகளைக் கொண்ட தோழமைக் குழு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடிநோயாளிகளுக்கானது. நார்காட்டிக்ஸ் அனானிமஸ், அதாவது என்.ஏ., எந்தப் போதையில் சிக்கியவருக்கும் உரியது. அமெரிக்காவில் பிறந்த இந்த முறை நம் கரைக்கு முற்றிலும் அந்நியமானது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கரையின் பழைய வரலாற்றைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை.

அளவு தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் எண். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, ஓபியாய்டு வகைப் போதையால் சிக்கலுக்கு ஆளாகி உதவி தேவைப்படுவோர் நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம் பேர். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 20 பேரில் ஒருவர்தான். மதுவில் நிலைமை இன்னும் மோசம், ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைத்தவரே 38 பேரில் ஒருவர். மீதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள், வேலையில் இருக்கிறார்கள், சிலர் சிறையில் இருக்கிறார்கள்.

தண்டிப்பது இந்தக் கரையில் புதிதல்ல. இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரைக்கு வந்தார். தன் உதவியாளர் மான்சில்லாசுக்கு 1544இல் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்தால் ஒரு பணம் அபராதம், மூன்று நாள் அடைத்துவைக்க வேண்டும் என்று அவற்றில் ஏற்பாடு செய்கிறார். குடி தொடர்ந்தால் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஏழைப் பரதவ மக்களுக்காக அதிகாரிகளோடு மோதிய அதே மனிதர்தான் இதையும் எழுதினார். அன்பும் கோபமும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. குடிகாரப் பிள்ளையை வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அது புரியும். அபராதமும் அடைப்பும் பலன் தந்திருந்தால், அடுத்த ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் நாம் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கத் தேவை வந்திருக்காது.

சவேரியாருக்குப் பின் இந்தக் கரையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 1600இல் மறைந்தவர் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரை நிலைக்கவைத்தது. அவருடைய இன்னொரு நூலைத் தமிழ் அச்சு வரலாற்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் அதிகம் பேசுவதில்லை. 1580இல் கொச்சியில் அச்சிடப்பட்ட ‘கொம்பெசியொனாயரு’ அது. ஒருவர் தன் மனத்தைத் தானே துருவிப் பார்த்து, செய்ததை நினைவுக்குக் கொண்டுவந்து, இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லத் தயாராவது எப்படி என்று கற்றுத்தரும் கைநூல். தமிழில் அச்சான மிகப் பழைய புத்தகங்களில் ஒன்று, கடற்கரை மக்களுக்குத் தன்னைத்தானே கணக்கெடுக்கச் சொல்லித்தந்த புத்தகம் என்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. தண்டனைக்குப் பக்கத்திலேயே, அதே சபையிலிருந்து, முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில், வேறொரு வழியும் இந்தக் கரையில் இருந்திருக்கிறது.

இனி 1940ஆம் ஆண்டுக்கு வருவோம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் 1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் சந்தித்ததிலிருந்து ஏ.ஏ. தொடங்குகிறது. இருவரும் மீள முடியாத குடிகாரர்கள் என்று கைவிடப்பட்டவர்கள். பன்னிரண்டு படிகளை வில்சன் எழுதியது 1938 கடைசியில், புத்தகமாக வந்தது 1939இல். 1940இன் பிற்பகுதியில் ஒரு மழை இரவில், நியூயார்க்கில் ஏ.ஏ. உறுப்பினர்கள் கூடும் வீட்டுக்கு எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைக் குரு வந்தார். மூட்டுவாதத்தால் நொண்டி நடப்பவர். வந்திருப்பது இன்னொரு குடிகாரர் என்றே வில்சன் முதலில் நினைத்தார். பன்னிரண்டு படிகளுக்கும் இக்னேஷியஸ் லொயோலாவின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது என்று டௌலிங் கேட்டார். அந்தப் பயிற்சிகளைப் பற்றி வில்சனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எடுத்துக்கொண்டது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற புராட்டஸ்டன்ட் இயக்கத்திடமிருந்து.

இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேஷியசின் முதல் தோழர்களில் ஒருவர் சவேரியார். அண்டிரிக் அடிகளாரும் அந்தச் சபைதான். தினமும் நிறுத்தி நிதானித்துத் தன் நாளைத் திரும்பிப் பார்ப்பது அந்தச் சபையின் அன்றாடப் பழக்கம். பத்தாவது படி கேட்பதும் ஏறக்குறைய அதையே. இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலின் நிழலில் வளர்ந்த ஒருவர், தன் தவறுகளை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளச் சொல்லும் ஐந்தாம் படியை முதல் முறையாகக் கேள்விப்படும்போது, “இது நமக்குத் தெரிந்த விஷயம்தானே” என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

தெரிந்ததுபோல் இருந்தாலும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நான்காம் படியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி எழுத்து வேலை. மளிகைக் கடையில் வாங்கும் கோடு போட்ட நோட்டு போதும். பலரும் பயன்படுத்தும் முறையில், பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் பத்தியில் யார்மேல் எனக்குக் கோபம், இரண்டாவதில் ஏன், மூன்றாவதில் அது என்னுடைய எதைத் தொட்டது, அதாவது என் பணத்தையா, மானத்தையா, பயத்தையா. நான்காவது பத்திதான் கடினம், அதில் என் பங்கு என்ன. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் படகு முதலாளி பெயர். இரண்டாவதில், “எல்லார் முன்னாலும் என்னைத் திருடன் என்றார்.” மூன்றாவதில் மானம், வேலை. நான்காவதில் எழுத நாள்கணக்காகும். கடைசியில் எழுதுவார்: “திருடியது உண்மை. டீசல் கேன். இரண்டு தடவை.” மேலே மூன்று பத்தியும் வருடக்கணக்காக அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தவை. அந்த வேகத்தில்தான் ஊசியும் மாத்திரையும் தேவைப்பட்டன. நான்காவது பத்தி எழுதப்படாமலே இருந்தது.

எழுதியதை ஐந்தாம் படியில் இன்னொருவரிடம் படித்துக்காட்ட வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் ஸ்பான்சர். ஸ்பான்சர் என்பவர் குருவும் அல்லர், மருத்துவரும் அல்லர், சம்பளம் வாங்கும் ஆலோசகரும் அல்லர். அதே போதையில் கிடந்து, சில ஆண்டுகளாக எந்தப் போதையையும் தொடாமல் கிளீனாக இருந்து, இதே நோட்டைத் தானும் எழுதிப் படித்துக்காட்டியவர். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அப்பால் இருப்பவர் மன்னிக்கும் அதிகாரம் உள்ளவர். இங்கே கேட்பவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான். டீசல் கேன் வரி வரும்போது, “நான் எடுத்தது அம்மாவின் சங்கிலி” என்று தன் கதையைச் சொல்வார். வெட்கம் அந்த இடத்தில்தான் உடைகிறது.

முத்துக்குளிப்புக் காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்கு இறங்குபவரின் கயிற்றை மேலே தோணியில் பிடித்திருப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலி அவர் கையில் இருக்கிறது, கயிற்றை விட்டுவிட மாட்டார். 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்காவிட்டாலும் இந்தப் பேச்சு மிஞ்சியிருக்கிறது. ஸ்பான்சர் அப்படிப்பட்ட கயிறு பிடிப்பவர்தான். ஆனால் உறவைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. சொல்லப்போனால் உறவினர் கூடவே கூடாது. வீட்டிலுள்ளவர்களுக்குக் கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கை புண்ணாகியிருக்கும். தானே அடிவரை இறங்கி ஏறியவர், உங்களால் எந்த நஷ்டமும் படாதவர், அவர்தான் வேண்டும்.

என்.ஏ. 1953இல் தெற்கு கலிபோர்னியாவில் தொடங்கியது. அந்தக் காலத்தில் போதைக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தாலே போலீஸ் வரும் என்ற பயம் இருந்தது. ஏ.ஏ. மதுவின்முன் தான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. என்.ஏ. அந்த இடத்தில் எந்தப் பொருளின் பெயரையும் வைக்கவில்லை, அடிமைத்தனத்தையே வைத்தது. இது சின்ன மாற்றமாகத் தெரியலாம். நம் ஊரில் இதன் பலன் பெரியது. கஞ்சாவை விட்டுவிட்டேன், இப்போது பீர் மட்டும்தான் என்று சொல்பவரைத் தூத்துக்குடியில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். ஹெராயினிலிருந்து வலி மாத்திரைக்கு மாறியவர் தான் தேறிவிட்டதாகவே நம்புவார். 2003 இறுதியிலிருந்து மது சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக நடத்தும் மாநிலத்தில், மதுவும் ஒரு போதைப்பொருள்தான் என்று சொல்லும் அறை அபூர்வமானது. என்.ஏ. அறையில் அதைச் சொல்கிறார்கள்.

கூட்டத்தின் நடைமுறை எளிது. பெயரைச் சொல்லி, “நான் ஒரு அடிக்ட்” என்று தொடங்குவார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை கூடாது. பை சுற்றி வரும், முடிந்தவர் போடுவார். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. அரசு கொடுத்தாலும் சரி, கட்சிக்காரர் கொடுத்தாலும் சரி, ஆலை நிர்வாகம் கொடுத்தாலும் சரி, வாங்க மாட்டார்கள். நம் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் மேடையும் பொன்னாடையும் புரவலர் பெயர்ப் பலகையும் வந்துவிடும். இங்கே அவற்றுக்கு இடமே இல்லாமல் விதி செய்திருக்கிறார்கள், அது என்னை மிகவும் கவர்ந்தது.

என்.ஏ. கூட்டத்தில் சாவிக்கொத்தில் மாட்டும் பிளாஸ்டிக் வில்லை ஒன்று தருவார்கள். முதல் நாள் வருபவருக்கு வெள்ளை. 30 நாள் ஆனால் ஆரஞ்சு, 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு, ஆறு மாதத்துக்கு நீலம், ஒன்பதுக்கு மஞ்சள். ஓராண்டு வில்லை இருட்டில் ஒளிரும். பல ஆண்டு ஆனவருக்குக் கறுப்பு. இதில் முக்கியமானது வெள்ளை. ஆறு மாதம் கிளீனாக இருந்து மறுபடி விழுந்தவர் எழுந்து போய் வாங்க வேண்டியதும் அதே வெள்ளைதான். அதை அவர் வாங்கும்போது அறையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். குடும்பமும் ஊரும் “பார்த்தியா, சொன்னேன்ல” என்று சொல்லும் தருணம் அது. அந்த ஒரு கைதட்டலுக்காகவே இந்த முறையை நான் மதிக்கிறேன்.

பெயர் வெளியிடாமை என்ற விதி இந்த நகரத்தில் எப்படி நிற்கும் என்பது நியாயமான கேள்வி. சென்னையில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் திரேஸ்புரத்தில் தும்மினால் இனிகோ நகரில் கேட்கும். ஒரே பங்கு, ஒரே சாதி, ஒரே இறங்குதளம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சம்பந்தி வீட்டுக்காரராக இருக்கலாம். நான் புரிந்துகொண்ட வரையில், சிறு ஊர்களில் இந்த விதி முகத்தை மறைப்பதற்கானதாக இருக்க முடியாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஆனால் அறையில் கேட்டது அறையை விட்டு வெளியே போகாது என்ற உறுதியாகவே அது வாழ முடியும். வதந்தியாலேயே ஓடும் ஊரில் அந்த உறுதியைக் காப்பது லேசல்ல. ஒருவர் உடைத்தால் போதும், குழு கலைந்துவிடும். 2020க்குப் பிறகு இணையவழிக் கூட்டங்கள் பெருகியிருப்பது இதற்கு ஓரளவு உதவுகிறது. ஊர்க்காரர் கண்ணில் படாமல், போன் வழியாகவே ஒருவர் தன் முதல் கூட்டத்தில் உட்காரலாம். மாதக்கணக்கில் கப்பலில் இருக்கும் மாலுமிக்கும் அது ஒரு கதவு.

இரண்டாம், மூன்றாம் படிகளில் வரும் இறை நம்பிக்கையைப் பற்றிப் படித்தவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது என்கிறார்கள். அதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். பெரியாரைப் படித்து வளர்ந்த தமிழ்நாட்டில் இந்த இடத்தில் எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். அந்தக் குழுவையே பெரிய சக்தியாகக் கொண்டு பல ஆண்டு கிளீனாக இருக்கும் நாத்திகர்கள் உலகெங்கும் உண்டு. ஆனாலும் பிரார்த்தனையோடு முடியும் கூட்டம் எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நான் வாதாட மாட்டேன். ஒத்துவராதவருக்கு வேறு வழி இருக்க வேண்டும்.

இனி மருத்துவம். இங்கே தெளிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உயிர் போகும் இடம் இது. மதுவைப் பொறுத்தவரை பன்னிரண்டு படி முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் கணக்கில் எடுத்த 2020 காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த முறை மற்றச் சிகிச்சைகளைவிடப் பின்தங்கவில்லை, பல இடங்களில் மேலாகவே இருந்தது என்று கண்டது. ஹெராயினுக்கும் மற்றப் போதைகளுக்கும் அந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை. ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகள் சாவைக் குறைக்கின்றன என்பதில் மருத்துவ உலகில் ஐயமில்லை. இந்தியாவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் ஊசி போட்டுக்கொள்வோருக்கு இந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் என்.ஏ. அறைகள் சிலவற்றில், மாற்று மருந்து சாப்பிடுபவரைக் கிளீன் என்று கணக்கிடுவதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மருந்தை நிறுத்தியவர் மறுபடி விழுந்தால், ஆபத்து பழையபடி இருக்காது, பல மடங்கு கூடியிருக்கும். சில வாரம் விலகியிருந்த உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருக்கும். முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தும். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஸ்பான்சருக்கும் கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இந்தக் கடல்வழியில் இப்போது அதிகம் பேசப்படும் ஐஸ், அதாவது மெத்தாம்ஃபெட்டமைன், வேறு கதை. அதற்கு மாற்று மருந்து என்று ஏற்கப்பட்டது எதுவுமில்லை. ஆலோசனை, குடும்பம், குழு இவற்றைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

மருத்துவமும் படிகளும் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அறிவது அதைத்தான். மருத்துவம், ஆலோசனை, ஏ.ஏ. கூட்டம் மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்ததோடு, குடும்பத்தாருக்கும் தனியாக ஒரு பயிற்சியை வைத்தது அந்த இடம். 1989 முதல் காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடியில் நடத்திய முகாம்கள் இன்னும் முக்கியம். நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், சிகிச்சையே கிராமத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கியது. ஊர்க்காரர்களே ஆட்களை அடையாளம் கண்டு கூட்டிவந்தார்கள், முடிந்தபின்னும் கண்காணித்தார்கள். காவிரிப் படுகையில் நடந்தது கடற்கரையில் நடக்கக் கூடாதா? சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதைவிட, குடிகாரரின் மனைவியாக இருந்தவர் நாட்டின் சிகிச்சை முறைக்கே பாதை போட்டார் என்பதைத்தான் நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்க வேண்டும். குடும்பங்களுக்கான அல்-அனான் 1951இல் உருவானதற்கும் பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான் காரணம். இரண்டு கரையிலும் பெண்கள்தான் முதலில் கணக்கைக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

கடற்கரையில் இப்படி ஒன்று வருமானால், வேலை நாட்காட்டியைப் பார்த்து வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை இருக்காது. கை சும்மா இருக்கும் இந்த மாதங்கள்தான், விட்டவர் மறுபடி தொடும் மாதங்களாக இருக்கக்கூடும். முகாம் போட ஏற்ற காலமும் அதுவே, ஏனென்றால் கூலியை இழக்காமல் பதினைந்து நாள் உட்கார வேறு சமயம் கிடையாது. துறைமுகத்தில் மூன்று ஷிப்ட். மாலை ஏழு மணிக்கு மட்டும் கூட்டம் வைத்தால், மூன்றில் ஒரு பங்கினருக்கு அது எட்டாது.

சட்டமும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டப்படி, ஹெராயின், கொகெயின் போன்றவற்றைப் பயன்படுத்தினாலே ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வேறொன்று சொல்கிறது. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். சிறிய அளவு என்பது ஹெராயினில் 5 கிராம், கஞ்சாவில் ஒரு கிலோ. பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாத பெற்றோர் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

இந்தக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்பதாம் படியில் இருக்கிறது. தான் துன்பப்படுத்தியவர்களின் பட்டியலை எட்டாம் படியில் போட்டு, ஒன்பதாம் படியில் நேரில் போய் ஈடுசெய்ய வேண்டும். அப்படிச் செய்வது அவர்களுக்கோ பிறருக்கோ தீங்காகும் என்றால் செய்யக் கூடாது. டீசல் கேனுக்குப் பணம் கொடுத்துவிடலாம். முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகாமல் ஏமாற்றியதை, தவணையில் அடைக்கலாம். போதைக்குப் பணமில்லாமல் ஒரு இரவு நாட்டுப்படகில் ஒரு மூட்டையை ஏற்றிப் போய் நடுக்கடலில் கைமாற்றியவர் என்ன செய்வது? அந்த மூட்டை யாழ்ப்பாணத்திலோ மாலேயிலோ யாருடைய பிள்ளையிடம் போனது என்று அவருக்குத் தெரியாது. போய்ச் சொன்னால் பழைய கூட்டாளிகள் அவர் வீட்டைத் தேடி வருவார்கள். சொல்லாவிட்டால் நான்காம் படி நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும், அந்தக் காலியிடம் வழியாகத்தான் போதை திரும்ப வரும்.

யாரிடம் சொல்வது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். வழக்கறிஞரிடம் சொன்னதற்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஸ்பான்சரிடம் சொன்னதற்கு இல்லை. அமெரிக்காவிலேயே இது நீதிமன்றம் ஏறியது. 1988இல் ஒரு தம்பதியைக் கொன்ற பால் காக்ஸ், பின்னர் அதை ஏ.ஏ. தோழர்களிடம் சொன்னார். அவர்கள் சாட்சியத்தால் தண்டனை பெற்றார். குருவிடம் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று கீழ் நீதிமன்றம் ஒரு முறை சொன்னது, 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனையை மீட்டது.

ஆகவே இந்தக் கரையில் ஸ்பான்சராக இருக்கப் போகிறவர் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வழக்கில் போய் முடியக்கூடிய பக்கம் வந்தால், நோட்டை அங்கேயே மூடச் சொல்ல வேண்டும். “இதை முதலில் வக்கீலிடம் சொல்லு. என்ன செய்யலாம், எதைச் சொன்னால் யாருக்கு ஆபத்து என்று அவர் சொல்லட்டும். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், உனக்கு என்ன பண்ணிச்சு என்பதை மட்டும் என்கிட்ட சொல்லு” என்று அவர் சொல்லிவிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ள ஏழைகளுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். அந்த விவரம் முதல் நாள் தரும் வெள்ளை வில்லையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது.